விஷம் வைத்தவருக்கு ஒரு நாற்காலி

பேருந்துப் பணிமனையில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வாங்கி வைக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை யாரோ விட்டுப்போன பல்செட் என்று எது வந்தாலும் வழித்தட எண்ணும் தேதியும் எழுதிய மஞ்சள் சீட்டைக் கட்டி அலமாரியில் வைப்பாள். ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளைத் 'தொலைஞ்சதக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயதில் தன் பெயரும் தொலைந்த பொருட்களோடு சேர்ந்துவிட்டது என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்த வேலையில் அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. புத்தகங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். படித்து முடித்ததும் சீட்டோடு பத்திரமாகத் திருப்பி வைத்துவிடுவாள். என்றாலும் தப்பு தப்புதான். அறையிலிருந்து எந்தப் பொருளும் வாசலைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வேலை போய்விடும் என்ற அறிவிப்பு அந்தச் சுவரிலேயே இருந்தது. தாள் கிழிந்தபோதெல்லாம் புதிதாக ஒட்டியவளும் அவள்தான்.

வீட்டில் அவளோடு இருந்தது அக்காவின் மகள். ஒன்பது வயது. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர். அப்பா முன்பே இறந்துவிட்டார், அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவளைத் தன்னிடம் விடவேண்டும் என்று பெரியப்பா வழக்குப் போட்டிருந்தார். அவருக்குச் சொந்த வீடு, கார், மாடியில் தனி அறை எல்லாம் இருந்தன. சித்திக்கு இருந்தது மூன்றாவது மாடியில் வாடகைக்கு இரண்டு அறைகளும் பணிமனை வேலையும். ஜனவரியில் தீர்ப்பு.

அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ் அன்று ரேடியோ மேஜையைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கு யாருமே வரமாட்டாங்களா, சித்தி?" என்று கேட்டது. சித்தி உள்ளே போய், பாதி படித்திருந்த ஒரு நாவலைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். "இவர் வந்துட்டாரே, தெரியலையா உனக்கு?"

அப்படித்தான் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. இந்த வருஷம் ஐந்து விருந்தாளிகள். இரண்டு மனைவிகளுக்கு விஷம் வைத்த மருந்துக்கடைக்காரர். ஜன்னல் வழியாக மட்டுமே வீட்டுக்குள் வரும் திருடன். குடித்தால் அழத் தொடங்கிவிடும் கப்பல் சமையல்காரர். இவர்கள் மூவரும் கதையில் வருகிறவர்கள். மற்ற இருவரும் எழுதியவர்கள். ஒருவர், பின்னட்டைப் படத்தில் யாரையோ திட்டப் போவதுபோல் முறைக்கும் அம்மாள். இன்னொருவருடைய புத்தகம் கடைசி நாற்பது பக்கம் கிழிந்த நிலையில் பேருந்தில் கிடந்தது. முடிவு என்ன என்று அவரிடமே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

விருந்துக்குச் சட்டங்கள் உண்டு. புத்தகம் நாற்காலியில், பெயர்ச்சீட்டு தட்டின் பக்கத்தில். ஒவ்வொரு தட்டிலும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி. விருந்தாளியைக் கூப்பிட்டவர்தான் அவருக்காகப் பேசவேண்டும், அவர் பங்கில் பாதியைக் குடிக்கவும் வேண்டும்.

மாலை ஆறு மணி. வறுத்த கோழியைத் துண்டு போட்டாகிவிட்டது. ஏழு கிளாஸில் திராட்சைப் பழச்சாறு பாதி பாதி காலி. சமையல்காரருக்காக ரேடியோ அழுதுகொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகச் சித்தி பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. குழந்தைகள் நல அதிகாரி. நவம்பரில் ஒருமுறை சொல்லிவிட்டு வந்தவர் இன்று சொல்லாமல் வந்திருந்தார்.

முதலில் அவள் கண்ணில் பட்டவை மஞ்சள் சீட்டுகள். ஐந்து புத்தகத்திலும் பணிமனை முத்திரையோடு தொங்கின. வேலை போனால் வழக்கும் போச்சு. ஐந்தையும் வாரிக்கொண்டு ஓடி, சலவை இயந்திரத்துக்குள் திணித்து மூடினாள். பிறகுதான் கதவைத் திறந்தாள்.

அதிகாரி உட்காரவில்லை. ஏழு தட்டையும் ஏழு கிளாஸையும் பார்த்தார். பின்வாங்கிக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

"தெரிஞ்சவங்க மேடம். இப்பதான் கிளம்பினாங்க."

"படியில யாரையும் நான் பார்க்கலையே."

அதிகாரி கோப்பிலிருந்து கோடு போட்ட ஒரு தாளை எடுத்தார். 'விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வருபவர்கள்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்ன கட்டுரை. ரேடியோவின் கோணல் எழுத்து.

அதிகாரி உரக்கப் படித்தார்: "கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். ஒருவர் இரண்டு மனைவிகளுக்கு விஷம் வைத்தவர், ஆனால் மரியாதையாகப் பேசுவார். இன்னொருவர் திருடர். அவர் பகலில் என் கட்டிலுக்கு அடியில் இருப்பார். சித்திக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். இன்னொருவர் குடித்துவிட்டு அழுவார். நான் அவருக்கு ஊற்றிக் கொடுப்பேன்."

தாளை மடித்தார். "டீச்சர் போன் பண்ணினாங்க. நான் நம்பல. இப்ப இந்த மேஜையைப் பார்க்கிறேன். நீங்களே சொல்லுங்க, நான் என்ன நினைக்கணும்?"

ரேடியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "சித்தி, அவங்க இன்னும் போகலையே. நீ ஏன் போயிட்டாங்கன்னு சொல்ற?"

"போகலையா?" அதிகாரி குனிந்தார். "எங்க இருக்காங்கம்மா?"

ரேடியோ வாயைத் திறந்து, மூடிக்கொண்டது. அந்த வீட்டில் அது பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் சித்தி பார்த்தாள். "சித்தி, சொல்லட்டா?" என்று மெதுவாகக் கேட்டது.

சித்தி நினைத்துப் பார்த்தாள். புத்தகத்தைக் காட்டினால் வேலை போகும். காட்டாவிட்டால், திருடனோடும் கொலைகாரனோடும் விருந்து சாப்பிட்டு அவர்களை ஒளித்தும் வைத்தவள் என்று எழுதிக்கொண்டு, பிள்ளையை இப்போதே அழைத்துப் போய்விடுவார்கள். எல்லாவற்றையும்விட, தான் சொன்ன பொய்யால், உண்மையைச் சொல்லலாமா என்று ஒன்பது வயதுப் பிள்ளை அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறது.

"வாஷிங் மெஷின்ல இருக்காங்க, மேடம்" என்றாள்.

அதிகாரியின் பேனா நின்றது.

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்."

இயந்திரத்தின் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். அவசரத்தில் சமையல்காரர் கீழே விழுந்தார். ரேடியோ ஓடிப்போய் எடுத்துத் தூசி தட்டியது. "பாவம் சித்தி, இவரை ஏன் தலைகீழா போட்ட?"

அதிகாரி அப்போதும் சிரிக்கவில்லை. ரேடியோவைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சித்தியை ஜன்னலோரம் போய்த் திரும்பி நிற்கச் சொன்னார். புத்தகங்களைக் குலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். இவர் எந்த நாற்காலி? என்ன சாப்பிட்டார்? என்ன சொன்னார்? ரேடியோ காதோடு சொன்னதை எழுதிக்கொண்டு, அடுத்து புத்தகத்தின் பெயரைச் சொல்லி அதையே சித்தியிடம் கேட்டார். ஜன்னலில் தொங்கிய காகித நட்சத்திரத்தையே பார்த்தபடி சித்தி பதில் சொன்னாள். ஒரு பதில் மாறினாலும் போச்சு. நான்குக்கும் பதில் ஒன்றாகவே வந்தது. ஐந்தாவது, கிழிந்த புத்தகக்காரர்.

"இவர் முடிவைச் சொன்னாரா?"

"சொன்னாரு" என்று காதில் சொன்னது ரேடியோ.

"சொல்லல" என்றாள் சித்தி.

ரேடியோ பெரிதாக மூச்சு விட்டது. "நீ கோழி எடுக்க கிச்சன் போனப்ப சொன்னாரு, சித்தி. என்கிட்ட மட்டும். உன்கிட்ட சொல்லக்கூடாதாம்."

அதிகாரி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிவிட்டு, பக்கத்தில் இருந்த கிளாஸை எடுத்தார்.

"ஆன்ட்டி, அது விஷம் வைக்கிறவரோடது!"

அதிகாரி கிளாஸை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரே மடக்கில் குடித்து வைத்தார். சித்தி அப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பினாள். ஆனால் அடுத்த கணமே அதிகாரி மஞ்சள் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

சித்தி ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த அதிகாரி கோப்பை மூடினார். "பார்த்ததை எழுதாம விட என்னால முடியாது. ரிப்போர்ட் ரெண்டாம் தேதி போகும். அதுக்குள்ள நீங்களே போய் உங்க மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்கன்னா, அதையும் எழுதுவேன். அவ்வளவுதான் என் கையில இருக்கு."

மறுநாள் காலையில் ஐந்து புத்தகத்தையும் மேலாளரின் மேஜையில் அடுக்கிவிட்டு நின்றாள். அவர் ஒவ்வொரு சீட்டாகப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தார்.

"பதிமூணு வருஷம் ஒரு குண்டூசி காணாம போகல உன்கிட்ட. இப்படிச் செய்யலாமா, தொலைஞ்சதக்கா?"

"செஞ்சிருக்கக் கூடாது, சார்."

"பல்செட்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தியா?"

"இல்ல சார்."

அவர் கண்டனக் கடிதம் எழுதினார். மூன்று நாள் பணியிடை நீக்கம். இனி ஒரு கைக்குட்டை வாசலைத் தாண்டினாலும் வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான் என்றார். வேலை தப்பித்தது.

ஜனவரியில் பெரியப்பாவின் வக்கீல் அந்தக் கடிதத்தை நீதிபதியின் முன் ஆட்டிக் காட்டினார். நீதிபதி அதைப் படித்தார். அதிகாரியின் அறிக்கையையும் படித்தார். படிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்தையே மறுபடி படித்தார். பிறகு ரேடியோவைக் கிட்டே கூப்பிட்டார்.

"உங்க வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்கம்மா?"

ரேடியோ திரும்பிச் சித்தியைப் பார்த்தது. சித்தி கண்ணைக்கூட அசைக்கவில்லை. என்ன வரப்போகிறதோ என்று புடவை முனையைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"சித்தி, நான். ரெண்டு பேர்தான்."

சித்தியிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. பெரியப்பா எழுந்து வந்து, தான் வாங்கி வைத்திருந்த புதுப் பையை ரேடியோவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நீதிமன்றப் படியிறங்கும்போது பாதி தூரம்வரை ரேடியோ பேசவே இல்லை. பிறகு சித்தியின் கையை இழுத்தது.

"சித்தி, திருடரை விட்டுட்டேன். எல்லாரையும் விட்டுட்டேன். கோச்சுக்குவாங்களா?"

சித்தி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. திருடர் கோச்சுக்க மாட்டாரு. ஒளிஞ்சுக்கிறது அவருக்குப் பழக்கம்தானே."

"அப்ப சரி" என்றது ரேடியோ. மீதிப் படிகள் முழுக்கப் பேசிக்கொண்டே இறங்கியது.