தரையில் விழுந்த ஆறு

மேசைமேல் குட்டிப் பொம்மைப் படைகளை நகர்த்திப் போரிடும் போட்டி. இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே, எங்கள் ஊரின் தறிப் பகுதியான செல்லூரிலிருந்து ஒருவர். சட்டையெல்லாம் தறிப் பஞ்சு. பகடை தரையில் விழுந்தால், எண்ணைப் பார்க்காமலே பொத்தி எடுத்து மறுபடி உருட்டுவார்.

நான் ஆசையாக வண்ணம் தீட்டிய யானை கோட்டைக்குள் நுழையாதபடி, சில்லறைச் சிப்பாய்களை நிறுத்தி வாசலை அடைத்துவிட்டார்.

“இது நியாயமாண்ணே?” என்று கத்தினேன்.

“விதியில இருக்கு மாப்ள. முடிஞ்சா தாண்டி வா.”

கடைசியாக அவர் உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் கோப்பை அவருக்கு. பகடை மேசையைத் தாண்டி என் காலடியில் விழுந்தது.

“அண்ணே, ஆறு!” என்றேன்.

“கீழ விழுந்தா செல்லாது மாப்ள.” பொத்தி எடுத்து உருட்டினார். இரண்டு.

கோப்பை என் வீட்டில் இருக்கிறது. வெளியூர் ஆட்டக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்டால், அவரைப் பற்றித்தான் சொல்கிறேன்: எங்கள் ஊர்க்காரர்.