லட்சுமணசாமியின் எக்கோ

சூலூரிலிருந்து சோமனூர் போகும் சாலையில், தறிக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை. சுவர் முழுக்கச் சாக்கு அடித்து, அதன்மேல் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார் லட்சுமணசாமி. ஒலிப்பதிவு அறை என்று அவர் சொல்வார். குடோன் என்று அவருடைய அண்ணன் சுந்தரராஜுலு சொல்வார். கொட்டகையும் அறையும் அண்ணனுடையவை.

மாகாளியம்மன் நோம்பிக்குக் கம்பம் நடும் அன்று ஒலிபெருக்கியில் போட, உள்ளூர்க்காரர்கள் பாடிய கும்மிப் பாட்டுக் கேசட் ஒன்றைக் கோயில் கமிட்டி கேட்டிருந்தது. அது உருப்படியாக வந்தால் அறை தம்பிக்கு. வராவிட்டால் நான்கு தறி உள்ளே இறங்கும். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மாசி மாதம் அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்தான். தறிக்காரர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே தமிழில் சொன்னார்.

லட்சுமணசாமி பாலிடெக்னிக் படித்தவர். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, பேரிங் கெட்டிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அதில் அவர் பெரிதாகத் தவறியதில்லை. ஃபோர்மேன் கெட்ட மோட்டாரைப் பாஸ் பண்ணச் சொன்னதால் வெளியே வந்ததாக இவர் சொன்னார். யார் சொன்னாலும் கேட்காத ஆள் என்று கம்பெனி சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அதன்பிறகு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர், கல்யாணங்களுக்கு மைக் செட். மனைவி ரங்கநாயகி கணக்கு டீச்சர். வீடு அந்தச் சம்பளத்தில் ஓடியது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அண்ணன் மட்டும் பேசுவார்.

கம்ப்யூட்டர் காந்திபுரத்தில் பழையதாக வாங்கியது. அதில் இருந்த சவுண்ட் கார்டு அதைவிடப் பழையது. விண்டோஸில் போட்ட ரெக்கார்டிங் புரோகிராம் பாட்டின் நடுவில் உறைந்து நின்றது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஏற்றினார். அது உறையவில்லை. வேறொன்று செய்தது.

சாமி பாட்டு என்றால் எக்கோ வேண்டும். பாடுகிறவர் காதிலேயே எக்கோ கேட்டால்தான் குரல் ஏறும். எக்கோ மிஷின் தனியாக வாங்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்யும் என்று அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே பாடுகிற குரல் மைக் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய், எக்கோ சேர்ந்து, ஹெட்போன் வழியாகக் காதுக்குத் திரும்ப வேண்டும். திரும்பியது. ஆனால் தாமதமாகத் திரும்பியது. ‘தாயே’ என்று வாயை மூடிய பிறகு காதில் ‘தாயே’ வந்தது.

பாடியவர் சோமனூர் பூவாத்தாள். நாலு ஏக்கர் தோட்டம், இரண்டு எருமை. கும்மியில் முதல் குரல் அவருடையதுதான். ஆறுச்சாமி என்கிற வேன் டிரைவர் டோலக் வாசித்து முதலில் பதிவாகியிருந்தது. அதை ஹெட்போனில் கேட்டபடி பூவாத்தாள் மேலே பாட வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற நேரத்தில்தான் பாட முடியும். அந்த நேரம் பார்த்து சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பும். லட்சுமணசாமி கூரையைப் பார்த்துத் தெலுங்கில் திட்டுவார்.

முதல் நாள் பதிவைப் போட்டுக் கேட்டபோது சில வரிகள் தாளத்தில் உட்கார்ந்தன. சில பிந்தின. சில முந்தின.

“ஹெட்போன்ல எப்படிங்க கேக்குது?”

“நல்லா இருக்குதுங்க.”

“லேட்டா வருதுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க பாருங்க.”

அவர் பார்த்தார். வரும் ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் கம்ப்யூட்டர் கையாளும். சேர்த்து வைப்பதைக் குறைத்தால் தாமதம் குறையும். ரொம்பக் குறைத்தால் ஒலி அறுந்து கரகரக்கும். குறைத்தார். கரகரத்தது. ஹார்ட் டிஸ்க் எழுதும்போதெல்லாம் கரகரக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு கட்டளை கொடுத்தார். கரகரப்பு பாதி போயிற்று. பிரிண்டரும் சவுண்ட் கார்டும் ஒரே இணைப்பு எண்ணுக்கு அடித்துக்கொள்கின்றன என்று தெரிந்தது. கார்டைப் பிடுங்கி, அந்த எண்ணை மாற்றுவதற்காக அதிலிருந்த சின்னக் கருப்புத் தொப்பிகளை இடுக்கியால் இடம் மாற்றி, மறுபடி சொருகினார். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மறுத்தது. பழையபடி மாற்றினார். எழுந்தது, ஆனால் மவுஸ் போய்விட்டது.

காந்திபுரத்தில் இன்டர்நெட் சென்டருக்குப் போய் லினக்ஸ் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றுக்குத் தன் கஷ்டத்தை ஆங்கிலத்தில் எழுதினார். மறுநாள் போய்ப் பார்த்தபோது இரண்டு பதில்கள் வந்திருந்தன. உங்கள் கார்டு பழையது, புதிது வாங்குங்கள் என்றது ஒன்று. எனக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றது மற்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுக்காரர் மணி கேட்டார். லட்சுமணசாமி அவரிடம் எரிந்து விழுந்தார்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலையே தன் கார்டுக்கு ஏற்றபடி திரும்பக் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை கரண்ட் போயிற்று. கட்டிய பிறகு திரை வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை கட்டினார். சத்தம் வந்தது.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பூவாத்தாளை வரச்சொல்லிப் பாட வைத்தார். ஒவ்வொரு தடவையும் சில வரி பிந்தின, சில வரி முந்தின. நேற்றைவிட இன்று மோசமாக இருந்தது. கேட்டால் பூவாத்தாள் “நல்லா இருக்குதுங்க” என்பார். அவர் காதில் தாமதம் இல்லையென்றால் கோளாறு பதிவாகும் இடத்தில்தான் என்று லட்சுமணசாமி அங்கே தேடினார். கோளாறு இல்லாத இடத்தை எத்தனை திருகினாலும் கோளாறு தீராது. அது அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

“என்றா லட்சுமணா, இன்னும் அந்த ஒரே பாட்டுதானா?”

“கார்டு பழசுண்ணா.”

“நீ வாங்கறப்பவே அது பழசுதான?”

பின்னால் ஒருவன் டேப்பைப் பிடித்துத் தரையை அளந்தான். தறி பொருத்துகிற ஆள். லட்சுமணசாமி காலைக்கூட நகர்த்தவில்லை. அவன் அவரைச் சுற்றி அளந்துவிட்டுப் போனான்.

கடைசியில், ஆளை விட்டுவிட்டு மிஷினை மட்டும் சோதித்தார். சத்தம் வெளியே வரும் துளையிலிருந்து உள்ளே போகும் துளைக்கு ஒரு வயரைப் போட்டு, ஒரு ‘டக்’ சத்தத்தை அனுப்பினார். போன ‘டக்’கும் திரும்பிய ‘டக்’கும் திரையில் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. தாமதம் காதுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டிருந்தது. எப்போது வந்தது என்பதுதான் தெரியவில்லை.

அன்றைக்கே பூவாத்தாளைப் பாட வைத்தார். ஆறுச்சாமியும் சும்மா பார்க்க வந்திருந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாமே தாளத்துக்கு முந்தி ஓடின. டோலக் பின்னால் மூச்சு வாங்க வந்தது.

“ஏனுங்க, ஏன் இப்படி முன்னாடி ஓடறீங்க?” குரல் உயர்ந்துவிட்டது.

பூவாத்தாள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“உங்க மிஷினு லேட்டாத்தானுங்க குடுக்குது. காதுல வந்து சேர்றப்ப சரியா இருக்கோணும்னு நா முன்னாடியே எடுத்துப்போடறனுங்க. பழகிப்போச்சு. இன்னைக்கு என்னமோ அது வெரசா வருது. எனக்குத்தான் பிடி கிடைக்கல.”

“எப்ப இருந்து இப்படிப் பாடறீங்க?”

“மொத நாளு இருந்துதானுங்க.”

“நா தெனமும் கேட்டனே! நல்லா இருக்குதுன்னீங்களே அம்மணி!”

“பின்ன என்னங்க சொல்றது? ஒருத்தரு ஊட்டுக்குப் போயி காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லுவாங்களாங்க? நீங்களும் கண்ணு செவக்கச் செவக்க உக்காந்து கெடக்கறீங்க.”

ஆறுச்சாமி சிரித்தார். லட்சுமணசாமி அவர் பக்கம் திரும்பினார். “நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க? உங்களுக்கும் தெரியுமா?”

“டோலக் வாசிக்கறப்ப எனக்கும் லேட்டாத்தானுங்க வந்துது. நா ஹெட்போன ஒரு காதுல இருந்து தள்ளிவெச்சுட்டு வாசிச்சுப்போட்டேன்.”

லட்சுமணசாமி எழுந்து அறைக்குள் சுற்றினார். அறை சிறியது. இரண்டு எட்டில் சுவர் வந்தது.

“வேற என்னென்ன நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கறீங்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லிப்போடுங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவாத்தாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். ஹெட்போன் காதை நெரிக்கிறது. இரண்டாவது பாட்டுக்குச் சுருதி ரொம்ப மேலே. சாக்கில் பருத்திக் கொட்டை வாசம், தொண்டை அரிக்கிறது. டீயில் சர்க்கரை இல்லை. எக்கோவைக் காதில் கேட்டுப் பாடுவதே அவருக்குப் பிடிக்கவில்லை, பக்கத்தில் இன்னொருத்தி கூடவே பாடிக் கெடுக்கிறது போலிருக்கிறது. கும்மியில் யார் காதில் எதைக் கட்டிக்கொண்டு பாடுகிறார்கள்?

“அப்பறம் எப்படிங்க பாடுவீங்க?”

“அவரு பக்கத்துல உக்காந்து அடிக்கட்டும். ஒட்டுக்காப் பாடிப்போடலாமுங்க.”

அதற்கு எந்த லினக்ஸும் வேண்டியதில்லை. லட்சுமணசாமி ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். ஆறுச்சாமி வேனிலிருந்து டோலக்கை எடுத்து வந்தார். இருவரையும் ஒரே பாயில் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் மைக்கை வைத்தார். இரண்டாவது பாட்டுக்குச் சுருதியை இறக்கினார்கள். தறி திரும்ப ஓடும் முன் இரண்டு பாட்டு முடிந்தது. மிச்சம் அந்த வாரத்திலேயே முடிந்தது. எல்லாவற்றுக்கும் பிறகு எக்கோவைச் சேர்த்தார். யாரும் காதில் வைத்துக்கொண்டு காத்திராததால், அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் கவலையில்லாமல் இருந்தது.

அண்ணன் கேசட்டைத் தறிக்கொட்டகையில் இருந்த டேப்பில் போட்டார். தறிகளை நிறுத்தச் சொன்னார். தறிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது.

“எக்கோ பத்தாது” என்றார் சுந்தரராஜுலு. “ஊட்டுக்குள்ள உக்காந்து பேசறாப்பல இருக்குது. சாமி பாட்டுடா.”

“ஏத்தறண்ணா.”

“பொம்பளை நல்லாப் பாடுது. டோலக்கு ரெண்டாவது பாட்டுல சத்தம் ஜாஸ்தி. கொறை.” டேப்பிலிருந்து கேசட்டை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். தறி பொருத்துகிறவனைக் கூப்பிட்டார். “நாலு தறியையும் பொறக்கடைக் கொட்டாயிலயே போடு. குடோன்ல வேண்டாம்.”

“குடோன் இல்லண்ணா” என்றார் லட்சுமணசாமி.

“சரி, அது என்னமோ. நாளைக்குக் கமிட்டிக்காரங்க வாராங்க. இன்னைக்கே ஏத்திப்போடு.”

தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. லட்சுமணசாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரைப் போட்டார். மவுஸ் இன்னும் வேலை செய்யவில்லை.