பாலத்தைத் தாண்டி வந்த தீயணைப்பு வண்டிகள்

யுத்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தபடி, களனி ஆற்றுக்கு வடக்கே ஒரு சிறிய நகரசபையில் வேலை பார்த்தேன். தட்டெழுத்தும் தொலைபேசியும் என் பொறுப்பு. காலையில் நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறினால், பாலத்தடிச் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். என் அட்டை மட்டும் சிப்பாயின் கையில் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும்.

எங்கள் சபையிடம் தீயணைப்பு வண்டி கிடையாது. தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஒன்றுதான் இருந்தது. தீப்பிடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நான் குடியிருந்த பெரிய நகரத்திலிருந்து வண்டி வரும். நகரில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு அதில் சிக்கல் வந்தது. தங்கள் வண்டிகள் எல்லைக்கு வெளியே நிற்கும்போது நகரத்தில் குண்டு வெடித்தால் யார் பொறுப்பு என்று அந்தச் சபை கேட்டது. எத்தனையோ வருட வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்துவது எந்த நியாயம் என்று எங்கள் சபைத் தலைவரான தவிசாளர் எழுதினார். கூட்டங்கள் கோபத்தில் கலைந்தன. கடிதங்களை நான்தான் அடித்தேன். அடிக்கும்போது எங்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். வீட்டுக்குப் போய், வெடிச் சத்தத்தில் விரிசல் விட்ட சன்னல் கண்ணாடியைப் பார்த்தால், அவர்கள் சொல்வதும் சரிதானே என்றிருக்கும்.

கடைசியாக அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தவிசாளர் கையெழுத்திட்ட வேண்டுகோள் இல்லாமல் இனி எந்த வண்டியும் பாலத்தைத் தாண்டாது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தேங்காய்த் தும்பில் மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, மலையகத்திலிருந்து வந்தவள், செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"மிஸ், கம்பனி பத்திக்கிச்சு! பின்னால வீட்டுல புள்ளைங்க இருக்குதுங்க!"

தலைமை எழுதுவினைஞர் எழுந்து நின்றார். "சேர்மன் குருநாகல் போயிட்டாரே, தங்கச்சி. கையெழுத்தில்லாம நாம எப்படிக் கேக்கிற?"

நான் தொலைபேசியை எடுத்து நகரத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சுழற்றினேன். பேசியவர் அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி. சிங்களத்தில்தான் கதைத்தோம்; நான் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்றேன், அவர் என்னை நங்கி, தங்கச்சி, என்றார்.

"சேர்மன்ட கையெழுத்து எங்க?" என்றார்.

"அவர் ஊரில இல்லை, மாத்தயா. வீடுகள் பக்கத்தில இருக்கு."

"நங்கி, இப்பிடி ஒரு டெலிபோன் கோல் எடுத்து எங்கட வண்டியளை அங்கால இழுத்துப்போட்டு, இங்க குண்டு வைக்கலாம். விளங்குதுதானே? உங்கட பேர் என்ன?"

முழுப்பெயரையும் சொன்னேன். கேட்காமலே அடையாள அட்டை இலக்கத்தையும் சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டால் எந்தச் சிங்களவருக்கும் நான் தமிழ் என்று தெரியும். அவர் "வாறம்" என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். தும்பு தீப்பிடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மெத்தைக் கட்டுகள் உள்ளுக்குள்ளேயே சிவந்து, மூச்சு விடுவதுபோல ஒளி கூடிக் குறைந்தன. கூரையின் அஸ்பெஸ்டஸ் தகடுகள் சூட்டில் பட் பட்டென்று வெடித்தன. துப்பாக்கிச் சூடென்று நினைத்து வீதியில் நின்ற ஐம்பது அறுபது பேரும் ஒரே நேரத்தில் தரையில் படுத்தோம். நான் முகத்தை மண்ணில் வைத்துக் கிடந்தபோதுதான் மணிச் சத்தம் கேட்டது. இரண்டு சிவப்பு வண்டிகள்.

எங்கள் பவுசரின் குழாய் வாய்க்கு அவர்களுடைய குழாய் பொருந்தவில்லை. இத்தனை காலம் கடிதம் எழுதிய இரண்டு சபைகளும் அதைப் பார்க்கவில்லை. தொலைபேசியில் பேசிய அதிகாரியே வந்திருந்தார்; ஒரு நொடிகூட யோசிக்காமல் பக்கத்திலிருந்த கால்வாயைக் காட்டினார். ஒரு வீரர் உறிஞ்சு குழாயோடு கால்வாயில் இறங்கினார். ஆகாயத்தாமரை வந்து குழாய் வாயை அடைக்காமலிருக்க, கழுத்தளவு கறுப்புத் தண்ணீரில் நின்று, கைகளால் செடியை விலக்கிக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரம்.

அதிகாரியும் இருவரும் தொழிற்சாலைச் சுவருக்கும் வீடுகளுக்கும் இடையிலிருந்த சந்துக்குள் போனார்கள். கையை விரித்தால் இரு பக்கமும் முட்டும் சந்து. எரிந்த சுவருக்கு முதுகைக் காட்டி நின்று வீட்டுக் கூரைகளை நனைத்தார்கள். அவர்கள் சட்டைகளிலிருந்து ஆவி பறந்தது. சுவர் சாயும் என்று சனம் கத்தியது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றேன் என்று பிறகு பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

தொழிற்சாலை சாம்பலானது. பின்னாலிருந்த பதினொரு வீடுகளும் நின்றன. ஒரு பிள்ளைக்கும் காயமில்லை.

அதிகாரி கரி பூசிய முகத்தோடு வந்தார். நான் நினைத்ததைவிடக் கட்டையான, மெலிந்த மனிதர். "கோல் எடுத்தது ஆர்?"

"நான்தான், மாத்தயா."

"பொய்க் கோல் எடுக்கிற ஆக்கள் இந்தக் காலத்தில அந்தப் பேரைச் சொல்லமாட்டாங்கள் எண்டு நினைச்சன்" என்றார். "ஆனாலும் பாலம் தாண்டும் வரைக்கும் எனக்குப் பயம்தான்." பிறகு தண்ணீர் கேட்டார்.

அடுத்த வாரம், அதிகாரமில்லாமல் வண்டி அழைத்ததற்கு விளக்கம் கேட்டு எங்கள் சபை எனக்கொரு கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. அதை அடிக்க வேண்டியவளும் நானே. தலைமை எழுதுவினைஞர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொல்ல அடித்தேன். வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று ஒரே வரியில் பதில் கொடுத்தேன். அதிகாரியிடமும் அவருடைய சபை விளக்கம் கேட்டதாக அறிந்தேன்.

அந்தப் பதினொரு வீட்டுச் சனமும் இரண்டு சபைகளுக்கும் மனுக் கொடுத்தார்கள். சில மாதங்களில் ஒப்பந்தம் வந்தது: தொலைபேசிச் சொல் போதும், கையெழுத்துப் பிறகு வரலாம், குழாய் வாய்கள் ஒரே அளவில் மாற்றப்படும். எங்கள் இருவர் மீதான விசாரணையும் சத்தமில்லாமல் நின்றுபோனது.

ஒரு சனிக்கிழமை நன்றி சொல்ல நிலையத்துக்குப் போனேன். அவர் எங்கோ தீயணைக்கப் போயிருந்தார். வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இரண்டு வரி எழுதி, காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.