வேடியப்பன் நின்ற இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், சாமி, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கண் பட்டுவிட்டது என்று ஊரிலிருந்து வருகிற மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டால், மிளகாய் விற்கிற விலைக்கு இது தேவையா என்று சண்டை பிடிக்கிறவள் நான். நீங்களும் நம்ப மாட்டீர்கள், உங்கள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பரவாயில்லை, கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தில், டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்கிற பிரிவில். பெயர்தான் பெரிது. கல்வெட்டு, சுவடி, நடுகல் என்று பழையதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஆராய்ச்சி பேராசிரியருடையது, கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு மேடு அலைவது என்னுடையது. ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்து மென்பொருளில் போட்டால், அது அந்தக் கல்லை அப்படியே முப்பரிமாண மாடலாகக் கட்டித் தரும், மவுஸால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இது நடந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. ஒரே ஒரு கல் பாக்கி. அது குறையில்லாமல் வந்தால்தான் நீட்டிப்புக்கு எழுதுவேன் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால், ஓசூர் வாடகைக்கு என் கணவர் செந்திலின் கம்பெனிச் சம்பளம் மட்டும் காணாது. எனக்கு அந்தக் கல் வேண்டும், அவ்வளவுதான்.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கேழ்வரகுக் காட்டு ஓரத்தில் அது நிற்கிறது. எந்தக் காலத்திலோ மாடுகளை மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு நட்ட கல், வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். காட்டுக்குச் சொந்தக்காரர் கௌரம்மா. நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கல் முழுக்க எண்ணெய். பளபளப்பு இருந்தால் மாடல் உருப்படியாக வராது, அதனால் துணியால் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினேன். எங்கள் வேலையில் இது சகஜம்.

"ஏம்மா, சாமிக்குப் பவுடர் பூசறியே, என்னா கல்யாணத்துக்கு ரெடி பண்றியா?"

"வேலை முடிஞ்சதும் கழுவி உட்டுடறேங்க்கா."

"கழுவி உட அது என்னா உங்கூட்டுச் சட்டியா?"

பிறகு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். திட்டு என்று புரிய மொழி தெரிய வேண்டியதில்லை. நான் காதில் வாங்காமல் கல்லை மூன்று சுற்று சுற்றினேன், குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று, கேமராவைக் கம்பில் தூக்கி ஒன்று. கிளம்பும்போது கௌரம்மா வரப்பில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அந்த எடத்துல மட்டும் எதுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போன?"

"எந்த இடத்துல?"

"அதோ, அந்தாண்ட. மூணு வாட்டியும் ஆளுக்கு வழி உடற மாதிரி போனியே."

அவர் கை காட்டிய இடத்தில் வெறும் மண் தரை. கல்லில்லை, முள்ளில்லை, குழியில்லை. நான் நேராகத்தான் போனேன். சண்டைக்கு ஒரு சாக்குத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆபீசில், சுற்றிலும் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, மாடலைத் திறந்தேன். ஒவ்வொரு படமும் எங்கே நின்று எடுத்தது என்பதை மென்பொருள் சின்னச் சின்ன நீலக் கட்டமாகக் காட்டும். கல்லைச் சுற்றி வளையல் மாதிரி மூன்று வட்டம் வந்திருக்க வேண்டும். வந்திருந்தது. ஆனால் மூன்று வளையலும் ஒரே இடத்தில், கௌரம்மா காட்டிய அதே இடத்தில், வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன, ஒரு ஆள் நின்றால் எவ்வளவு சுற்றிப் போக வேண்டுமோ அவ்வளவு. நம்பினால் நம்புங்கள். என் காலே எனக்குத் தெரியாமல் யாருக்கோ வழி விட்டிருக்கிறது. தூரம் மாறியதில் அங்கே எடுத்த படமெல்லாம் மங்கல், மாடலில் வீரனின் வாள் பிடித்த கை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

"கையில்லாத வீரனை வெச்சு நான் என்னம்மா பண்றது? திரும்பப் போய் எடுத்துட்டு வா," என்றார் பேராசிரியர்.

போனேன். இந்த முறை ஒரு மாட்டுக் கயிறு வாங்கிக்கொண்டு போனேன். கல்லின் மேல் தளர்வாக ஒரு வளையம் போட்டு, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். கயிறு இழுபட்டபடியே நடந்தால் ஒரு அடிகூட வெளியே விலக முடியாது. நல்ல பகல்தான், மேகமூட்டம், எங்கள் வேலைக்கு அந்த வெளிச்சம்தான் சரி.

"அடிப்பாவி, மாட்டுக் கயித்துல சாமியக் கட்டிட்டியே!" என்று கத்திக்கொண்டே கௌரம்மா வரப்பு மேல் ஓடி வந்தார். நான் நிற்கவில்லை.

அந்த இடம் வந்ததும் என் கால் தானாக வெளியே போனது. நான் சொல்லாமல் போனது. கயிறு இடுப்பை அறுத்தது. வீம்புக்குக் காலை உள்ளே இழுத்து நேராக எட்டு வைத்தேன், மோதினேன். டவுன் பஸ்ஸில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறவன் மேல் இடித்தால் எப்படி இருக்கும், அப்படி, தோளும் நெஞ்சும், உடம்புச் சூட்டோடு. எதிரே ஒன்றுமே இல்லை. பயந்திருக்க வேண்டும்தான். எனக்கு வந்தது கோபம். வேலை போய்விடும் என்கிற கோபம், அந்தப் புழுக்கம், அந்த அம்மாவின் வாய், எல்லாம் சேர்ந்து வந்தது.

"யோவ், நகருய்யா!" என்று கத்தினேன்.

நகர்ந்தது. முட்டுக்கொடுத்ததை உருவிவிட்ட மாதிரி நான் குப்புற விழுந்தேன். எழுந்து, மீதிச் சுற்றுகளை முடித்தேன். அதற்குப் பிறகு அங்கே எதுவும் இல்லை. கௌரம்மா பக்கத்தில் வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முதல் முறையாகக் கத்தாமல் கேட்டார்.

"யார நகரச் சொன்னடி?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன்.

மாடல் பிரமாதமாக வந்தது, விரல் வரைக்கும். ஒப்பந்தமும் நீண்டது. செந்தில் மதுரைக்காரர், விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "கல்லு வந்து உன்னைய இடிச்சுச்சாக்கும்? மண்ட காஞ்சுபோச்சு உனக்கு, போயி மோர் குடி." கம்பெனி கேன்டீனில் இதை ஒரு ஜோக்காகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொஞ்ச நாள் கழித்துக் கௌரம்மா போன் செய்தார். "இத்தினி வருசத்துல ஒரு மாடு அந்தக் கல்லாண்ட போனதில்லம்மா. இப்ப வர்ற மாடெல்லாம் அதுல ஒடம்பத் தேய்க்குது. எங்க சாமிய எங்க கொண்டுபோயி வெச்சிருக்க?" உளறாதீங்க என்று சொல்லிக் கட் பண்ணி, நம்பரையும் பிளாக் செய்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செந்தில் ஒரு கையில் காபி டம்ளர், ஒரு கையில் போனில் கிரிக்கெட், சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தார். ஹாலின் நடுவில் நாங்கள் எந்தச் சாமானும் போடவில்லை, வெறும் தரை. அங்கே வந்ததும், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, காபி சிந்தாமல் தோளை ஒடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஒதுங்கி, சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்கு ஒதுங்குனீங்க?"

"எங்கிட்டு ஒதுங்குனேன்? நேராத்தான வந்தேன்."

இன்றைக்கும் அவர் அந்த இடத்தில் ஒதுங்கித்தான் போகிறார். நானும் ஒதுங்குகிறேனோ என்னவோ, பார்த்துச் சொல்ல வேறு ஆளில்லை. நகரு என்று இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. எங்களுடையது சின்ன வீடு, ஹாலிலிருந்து நகர்ந்தால் அடுத்தது நாங்கள் படுக்கிற அறைதான்.