பத்தொன்பது இந்திய ரூபாய்கள்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்குக் காசு எண்ணும் மெஷின் வந்தபோது, இனி விரல் வலிக்காது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அது எண்ணிய காசை நான் கையால் இன்னொருமுறை எண்ணிய பிறகுதான் பையின் வாயைக் கட்டுவேன்.

மெஷினின் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. இலங்கைக் காசின் அளவுக்கு அடங்காதவை அதில் வந்து விழும். தேவாலய உண்டியல் காசு வரும் திங்கட்கிழமைகளில் தட்டு நிறைந்துவிடும். கப்பல்காரர் போட்ட சிங்கப்பூர்ச் சல்லி, வளைந்த ஐந்து சதம், சட்டைப் பொத்தான், இந்திய ரூபாய். தேவாலயத்தார் இவற்றைத் திரும்ப வாங்க மாட்டார்கள். யாருக்காவது ஒன்று தேவைப்பட்டால், அதன் பெறுமதிக்கு இலங்கைக் காசைப் போட்டுவிட்டு எடுக்கலாம் என்று மனேஜர் சொல்லியிருந்தார். போட்ட காசு தேவாலயக் கணக்கில் சேரும்.

அது யுத்த காலம். என் மகள் சென்னைக்குப் படிக்கப் போக இருந்தாள். தனியாகப் போகும் முதல் பயணம். சென்னையில் இருந்த என் அக்கா, விமான நிலையத்தில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருக்கிறது, இறங்கியதும் கூப்பிட்டால் ஆள் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். கையில் ஒரு ரூபாய்க் காசு இல்லாமல் பிள்ளை அங்கே நின்றால்? போட்ட காசை அந்தப் போன் விழுங்கிவிட்டால்? எனக்கு நித்திரை போய்விட்டது. தட்டில் விழுந்த இந்திய ரூபாய்களைப் பொறுக்கத் தொடங்கினேன். பயணத்துக்கு முதல் நாள் பத்தொன்பது சேர்ந்திருந்தன. மனேஜரிடம் எண்ணிக்கையைச் சொல்லி, பெறுமதியைப் போட்டுவிட்டு, துணிப்பையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளவத்தைக்கு வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கான்ஸ்டபிள் ஒருவர் துணிப்பையை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பஸ் நான் இல்லாமலே புறப்பட்டது.

மேசையில் இருந்த இன்ஸ்பெக்டர், இந்தியாவிலிருந்து எப்போது வந்தேன் என்று சிங்களத்தில் கேட்டார். போனதே இல்லை என்றேன். அப்படியானால் இந்தக் காசு? மெஷினில் விழுந்தது என்றேன்.

"எந்த மெஷின் ஐயா, இந்தியக் காசு போடுறது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வாயால் சொல்லிக் கேட்டபோது எனக்கே அது பொய்போலத்தான் இருந்தது. கள்ளமாகப் படகில் வந்தவன், இல்லையென்றால் அப்படி வந்தவனுக்கு இடம் கொடுத்தவன் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. விடியற்காலையில் பிளேன். நான் வீடு போகாவிட்டால் மனைவியும் மகளும் என்னைத் தேடிப் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக அலைவார்கள். கல்லூரியில் சேருவதற்கான கடைசி நாளும் தவறிவிடும்.

மனேஜரின் நுகேகொடை வீட்டு நம்பரைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் பேசினார், தலையாட்டினார், போனை வைத்தார். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "பத்தொன்பது எண்டு சொல்லுறார்," என்றபடி காசை இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். பதினெட்டு. மறுபடியும் எண்ணினார். இளகிய முகம் திரும்ப இறுகியது.

"மற்றது எங்க? ஆருக்குக் குடுத்தனீர்?"

எங்கே என்று எனக்குத் தெரியும். காசை மேசையில் கொட்டும்போது அந்தக் கான்ஸ்டபிள் ஒன்றை எடுத்துச் சிங்கத் தலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளைக்குக் காட்ட நினைத்தாரோ, யோசிக்காமல் போட்டாரோ. இப்போது கதவடியில் நின்று வெளியே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சொன்னால், பொலிஸ்காரரை அவருடைய இடத்திலேயே கள்ளன் என்றதாகும். சொல்லாவிட்டால், வழியில் யாருக்கோ கைமாற்றியதாகும்.

"பதினெட்டுத்தான் சேர். நான்தான் பிழையா எண்ணி மனேஜரிட்டச் சொல்லிப்போட்டன்."

என் உத்தியோக காலத்தில் அப்படியொரு வசனத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாங்க் ஆளுக்குப் பத்தொன்பது வரைக்கும் எண்ணத் தெரியாது. நல்ல காலம், என்ர சல்லி அங்க இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். கான்ஸ்டபிளின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. நானும் சிரித்து வைத்தேன். துணிப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அதன் வாயைக் கட்டாமல் அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "பிடிச்சு வைச்சிருந்தவங்களோ அப்பா?" என்று கேட்டாள். பஸ் பிந்திவிட்டது என்றேன். மனைவி சாப்பாட்டைச் சூடாக்கப் போனார்.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு அக்கா போனை அவளிடம் கொடுத்தார்.

"முதல் போட்ட காசிலயே மாமி எடுத்திட்டா அப்பா. மிச்சத்தை என்ன செய்யிறது?"

"வைச்சிரு பிள்ளை," என்றேன்.