ஆடிக்கூழும் என் வலது கையும்

கோவிட் கெடுபிடியெல்லாம் முடிந்து, கோயில்களில் மறுபடி கூட்டம் சேரத் தொடங்கிய வருடம் அது. மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டை விட்டு நாங்களெல்லாம் செனாவாங் டவுனுக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கே திரும்பிப் போய்க் கூழ் ஊற்றுவோம். கூழ் கிண்டுவது நான்தான். வேறு யாராவது அண்டாவில் கரண்டியை விட்டால் எனக்குப் பொறுக்காது. அவ்வளவு திமிர்!

அந்த வருடம் பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு எனக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண், இந்தச் சில மாதங்கள்தான் முக்கியம், விடாமல் செய்யுங்கள் என்றாள். ஆடிக்குள் கையைக் கொடுத்துவிடு, எனக்குக் கூழ் கிண்டணும் என்றேன். அவள் சிரித்துவிட்டு, ஒரு சட்டியில் அரிசியைக் கொட்டி அகப்பையால் தினமும் கிண்டச் சொன்னாள்.

அம்மாடி, எப்படிக் கிண்டினேன்! அரிசி வீடெல்லாம் சிதறும். மகள் திட்டிக்கொண்டே பெருக்குவாள். ஆனால் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. ஒருநாள் தேநீர்க் கோப்பையை நானே தூக்கினேன். மகள் அழுதேவிட்டாள்.

அப்போதுதான் கோயில் கமிட்டித் தலைவர் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தார். எஸ்டேட்டில் எங்களோடு ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர், எனக்குத் தம்பி முறை.

"அக்கா, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க லா. இந்த வருஷம் கூழுக்கு லுக்குட் டவுன்ல ஒரு கேட்டரிங்காரங்ககிட்ட சொல்லிட்டோம். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

சுருக்கென்றது. நானே கிண்டுகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. பாழாய்ப்போன ரோஷம் விடவில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி, எனக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு" என்று சிரித்தேன். மகளிடம் அவருக்கு மைலோகூடக் கலக்கச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அரிசிச் சட்டியைத் தொடவில்லை. இனி எதற்குக் கிண்ட வேண்டும்? மகள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் ஒருநாள் தலைவலி என்பேன், ஒருநாள் மழை என்பேன். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். மடங்கிய விரல்கள் திரும்பவும் விறைத்துப்போயின.

ஆடி ஞாயிறன்று கோயிலில் ஓரமாக நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கேட்டரிங் கூழ் கட்டி கட்டியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னக்கா, கை நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே?" என்றார். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதாக்கா? நீங்க உக்காந்து பக்குவம் சொன்னாப் போதும், கூடப் புடிச்சுக் கிண்ட நாங்க இல்லையா? நீங்கதான சிரிச்சுக்கிட்டே சரின்னீங்க?"



அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போனேன். அந்த மலாய்ப் பெண்ணும் என்னோடு பாடுபட்டாள். கை இப்போது துண்டைப் பிடிக்கும், அதற்கு மேல் வரவில்லை. விடாமல் செய்திருந்தால் முழுசாக வந்திருக்குமா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவள், அன்றைக்கு மட்டும் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று கேட்காமல் போனேனே என்று, மகள் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டும் ஒவ்வொரு வேளையும் என்னையே நொந்துகொள்கிறேன்.