நடுக்கத்தைத் துடைத்தவள்

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் அக்கா எழுந்துபோய், சுவரில் சாய்ந்திருந்த படத்தை ஒரு விரலால் நேராக்குகிறாள். இரண்டடி பின்னால் வந்து, ஒரு கண்ணை மூடிச் சரிபார்க்கிறாள். "பல்லு வலிக்குதுன்னுதானேடி வந்தே?" என்கிறாள் அம்மா.

விழித்திரை செய்யும் வேலையைக் கணினியைச் செய்யவைப்பதுதான் அக்காவின் வேலை. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓர் எலியின் விழித்திரைத் துண்டுக்குப் படம் ஓட்டி, அது அனுப்பும் துடிப்புகளைப் பதிவு செய்வார்கள். அதே படத்தை அக்கா தான் எழுதிய கணினி நிரலுக்குக் காட்டுவாள். வரைபடத்தில் கண் வரைவது கறுப்புக் கோடு; நிரல் வரைவது சிவப்பு. இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும்.

"கண்ணு கேமரா இல்லம்மா. ஏதாவது மாறினாத்தான் சொல்லும். மாறாததுக்கு வாயே திறக்காது" என்பாள் அக்கா.

"உங்க அப்பா மாதிரி. தினமும் வீடு பெருக்குறது தெரியாது, ஒருநாள் பெருக்கலேன்னா தெரியும்."

இரண்டு வருட உழைப்பு அந்த நிரல். புதிதாக வந்த படத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஊமையாகிவிட்டது. மூன்று வாரமாகியும் காரணம் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அதைக் கைவிட்டுவிட்டு வேறு வேலையில் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார் ஆய்வுத் தலைவர். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நிரலை வரிவரியாகத் துருவினாள்.

புதன்கிழமைதான் இரண்டு அறைப் படங்களையும் அருகருகே ஓட்டிப் பார்த்தாள். அவர்களுடையது லேசாக நடுங்கியது. இவளுடையது கல்லாக நின்றது. படம் வந்த அன்றே, யாரோ கை ஆடி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, தன் பிரதியில் ஆட்டத்தை எல்லாம் நீக்கி வைத்தவள் இவள்தான். ஆனால் அது கையின் ஆட்டம் அல்ல. ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போதும் கண் நடுங்கிக்கொண்டே இருக்கும்; அந்த நடுக்கத்தைப் பக்கத்து அறைக்காரர்கள் வேண்டுமென்றே படத்தில் சேர்த்திருந்தார்கள். படத்தில் இருந்தது ஒரே அசையாக் காட்சி; நடுக்கம் போனதும் அதில் எதுவும் மாறவில்லை. நிரலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா மழுப்பவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "நிரல் சரியாத்தான் இருக்கு. படத்தைத் துடைச்சு வச்சது நான்."

வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தோம். கதவருகே தாளில் அச்சிட்ட கோட்டை அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "கறுப்புதானே இருக்கு. உன் சிவப்பு எங்கடி?"

"அந்தக் கறுப்புக்கு அடியிலயே ஓடுதும்மா."

தலைவரே அவசரமாக ஒட்டிய தாள் அது, நன்றாகவே சாய்ந்திருந்தது. அக்காவின் விரல் அதன் ஓரம்வரை போனது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.